மூன்று ஐந்து

கடன் எழுத அச்சடித்த புத்தகம் இது,
அட்டையில் மூன்று ஐந்துகள்.
அப்பாவின் காலத்தில் இதற்குள்
அரிசி இருக்கும், மைலோ டின் இருக்கும்,
சம்பளத்தன்று குறுக்கே ஒரு கோடு விழும்.
என்னுடையதில்
நூற்று ஐம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்று நான்கு.
காலை ஆறு மணி, இடக்கை,
காப்பிக்கு முன்.
யார் யாருக்குக் கடன் என்று தெரியாமல்
பெயர் எழுதும் இடத்தில்
என் பெயரையே எழுதிவைத்தேன்.

பாயான் லெப்பாஸ் சுகாதார கிளினிக்கில்
நாற்காலிகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறார்கள்.
கோடியில் ஒருவர் காலாட்டினால்
வரிசைக்கே நடுக்கம்.
நான் இருமினேன்.
பக்கத்துச் சீன அம்மா ஓரிடம் தள்ளி உட்கார்ந்தார்,
பிறகு மனம் கேட்காமல்
ஓர் இஞ்சி மிட்டாயை நீட்டினார்.

இந்த இருமலுக்கு வயது நான்கு மாதம்.
மூன்று டாக்டர்கள், மூன்று போத்தல்,
ஒவ்வொரு முறையும் வேறு முகம்,
அதே கருஞ்சிவப்புத் தண்ணீர்.
சரி டாக்டர் என்று வாங்கி வந்தேன்.
பள்ளிக்கூடத்தில், மாமியார் வீட்டில், வங்கியில்
தலையை ஆட்டிவிட்டால்
வரிசை நகர்ந்துவிடும்.

வேலையில் நான் அப்படியில்லை.
இருபத்தோரு வருடமாக உருப்பெருக்கியில் குனிந்து
முடியைவிட மெல்லிய கம்பி
எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பவள்.
சந்தேகம் வந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தலாம்,
மேலாளர் பக்கத்தில் நின்றாலும்.
ஒரு தீபாவளிக்கு முதல் நாள் அழுத்தினேன்,
எல்லோரும் பையைத் தூக்கிய நேரத்தில்.
மூன்று பேர் இன்றுவரை பேசுவதில்லை.
கம்பி விட்டுத்தான் போயிருந்தது.

போன வாரம், இரவு வேலை முடிந்து
தொழிற்சாலை பஸ்ஸில் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
மார்ச் ஆறு: புது மாத்திரை.
மார்ச் பதினேழு: தொண்டை கரகரப்பு.
ஒரே பக்கத்தில்தான் இருந்தார்கள் இருவரும்,
அடுத்தடுத்த கதவுக்காரர்கள்,
முகம் தெரியாத பாவனையில்.

மாத்திரையைத் தூக்கிப் போடு என்றாள் நாத்தனார்.
போடவில்லை.
பொத்தானை அழுத்துவது வேறு,
இயந்திரத்தை உடைப்பது வேறு.

குனாசுந்தாரி அனாக் பெரெம்புவான் முருகையா!

டாக்டர் ஹஸ்லீனாவுக்கு இருபத்தேழு இருக்கலாம்.
மதியம் சாப்பிட்டிருக்க மாட்டார்.
பாத்தோக் லாகி? என்றார் திரையிடம்.
விரல்கள் நான்காவது போத்தலை
அடிக்கத் தொடங்கியிருந்தன.
பஸ்ஸில் ஒத்திகை பார்த்த மலாய் வாக்கியம்
பாதியில் தமிழாகி
தமிழ் பாதியில் இருமலாகி
கடைசியில்
புத்தகத்தை மேசையில் விரித்தேன்.
இரண்டு தேதிகளின்மேல் இரண்டு விரல்.
துங்கு செபெந்தார், டாக்டர்.

தட்டச்சு நின்றது.
அந்த அமைதி எனக்குப் பழக்கம்.
லைன் முழுக்க நிற்கும்போதுதான்
குளிர்சாதனம் இரைவது காதில் விழும்.

படித்தார். பதினேழைப்
பதினொன்றா என்று கேட்டார்.
முன்பக்கம் புரட்டினார், பின்பக்கம் புரட்டினார்.
இந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும் என்றார்.
வேறொன்று எழுதினார்.
இரண்டு வாரத்தில் வாருங்கள்,
இதையும் கொண்டு வாருங்கள்.
மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் காத்திருக்கவில்லை.
காது சிவந்திருக்கலாம்,
தூடுங் மறைத்திருந்தது.

மருந்துச் சன்னலில்
புது மாத்திரையின் பெயரை
எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னேன்.
எதற்கு, எப்போது, என்ன செய்தால் ஓடிவர வேண்டும்.
பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார்.
விடட்டும்.

இரவு பதினொரு மணி.
இருமல்: ஏழு முறை.
ஏழின் இடுப்பில் ஒரு சின்னக் கோடு போட்டேன்,
ஒன்று என்று
யாரும் படித்துவிடாதபடி.